பலிபீடத்தின் அடியில்: கிறிஸ்தவரின் மோக்ஷ விசாரத்தில் ஒரு முடிச்சு

பரமதம் ஒன்றை விசாரிக்கப் புகுவோர் முதலில் அம்மதத்தார் கூறுவதை அவர்களே ஒப்புக்கொள்ளும்படி அநுவாதம் செய்து, அதன் பின்னரே கண்டனத்திலோ அங்கீகாரத்திலோ இறங்கவேண்டும் என்பது வேதாந்த சாஸ்த்ரத்தின் பழைய மர்யாதை. ஜிஜ்ஞாஸாதிகரணத்தில் எம்பெருமானார் மஹாபூர்வபக்ஷத்தை எத்துணை விரிவாக அமைத்தருளினார் என்பதை ஸ்ரீபாஷ்யம் சேவித்தவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும் கிறிஸ்தவர் கூறும் பரகதியைப் பற்றிப் பேச்சு எழும்போது இம்மர்யாதை பலகால் கைவிடப்படுகிறது. பொன் வீதியும் முத்து வாசலும் உள்ள ஓரூர். நன்மை செய்தவர் அங்கே சென்று இன்பம் நுகர்வர். ஆகவே அது இந்த்ரனுடைய ஸ்வர்க்கத்தைப் போன்றதே. இவ்வளவோடு விசாரம் முடிந்துவிடுகிறது. இம்முடிவு எளிது, ஆனால் பொருந்தாது.

ஏன் பொருந்தாது என்னில், ஸ்வர்க்கத்தின் லக்ஷணம் க்ஷயம். புண்யம் தேய்ந்தவாறே அங்குள்ளார் மர்த்ய லோகத்தில் புகுவர் என்று கீதையின் ஒன்பதாம் அத்யாயம் ஓதும். கிறிஸ்தவர் கூறும் பதவியிலிருந்து மீட்சி இல்லை. அவ்விடத்தில் விவாஹமும் ஸந்ததியும் இல்லை என்பதும் அவர்களுடைய வேதத்திலேயே உள்ளது. ஒருத்தி ஒருவர்பின் ஒருவராக ஏழு சகோதரர்களை மணந்தால் உயிர்த்தெழும் காலத்தில் அவள் யாருக்கு மனைவி என்று சதுசேயர் கேட்டதற்கு இயேசு அளித்த மறுமொழி, அக்காலத்தில் கொள்வதும் கொடுப்பதும் இல்லை என்பதே. அப்ஸரஸ்ஸுகளின் லோகத்தோடு இதை ஒக்கச் சொல்ல இடமில்லை. பொன் வீதியும் பன்னிரண்டு முத்து வாசல்களும் வருகிற நூல், அவர்களுடைய வேதத்தின் கடைசி நூலாகிய திருவெளிப்பாடு. அதை ஊன்றிப் படித்தால் மற்றொரு வியப்பும் புலப்படும். அந்நகரத்திற்கு ஆத்மாக்கள் மேலே ஏறிப் போவதாக அந்நூல் கூறவில்லை. நகரம் வானிலிருந்து புதிய பூமியை நோக்கி இறங்கி வருகிறது என்றே கூறுகிறது. அந்நகரில் கோயில் இல்லை. ஆண்டவனே அதற்குக் கோயில் என்றும் சொல்லப்பட்டது.

தமிழ்க் கத்தோலிக்கர் இந்நிலைக்கு நெடுங்காலமாக மோட்சம் என்ற சொல்லையே வழங்கினர். சீர்திருத்தச் சபையாரின் வேத மொழிபெயர்ப்பில் பரலோகம், பரமண்டலம், பரதீசு என்னும் சொற்கள் இடம்பெற்றன. பிற்காலக் கத்தோலிக்க மொழிபெயர்ப்பு விண்ணகம் என்றது. மோட்சம் என்பது சம்ஸாரத்திலிருந்து விடுபடுதலைக் குறிக்கும். விண்ணகம் என்பது இடத்தைக் குறிக்கும். இரண்டில் எது பொருந்தும் என்ற கேள்வி வெறும் சொல்லாராய்ச்சி அன்று. மரித்த ஆத்மாவுக்கு உடனே கிடைப்பது என்ன, யுகமுடிவில் கிடைப்பது என்ன என்ற பெரிய விசாரம் அதனுள் அடங்கியிருக்கிறது.

கிறிஸ்தவ ஸித்தாந்தத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்று ஒவ்வொருவனும் மரிக்கும் கணம். மற்றொன்று உலகத்தின் கடைசி நாள். அன்று மரித்தோர் அனைவரும் தத்தம் சரீரத்தோடு எழுந்து பொதுத்தீர்வைக்கு உட்படுவர். இவ்விரண்டுக்கும் இடையே எத்தனை நூற்றாண்டுகளும் கழியலாம். அந்த இடைவெளியில் புண்யாத்மாக்களின் நிலை யாது? அவர்கள் பகவானை நேரே காண்கிறார்களா, அன்றி வாசலில் காத்திருக்கிறார்களா? இக்கேள்வி ஒரு காலத்தில் மேலைத் திருச்சபையின் தலைமைப் பீடத்தையே அசைத்துவிட்டது. அந்தச் சரித்திரம் வ்யாக்யான ரஸிகர்களுக்கு மிகவும் உரியது. அதன் நடுவில் நிற்பது ஒரே ஒரு வாக்யம். அவ்வாக்யத்திலும் "அடியில்" என்ற ஒரு பதம்.

திருவெளிப்பாட்டின் ஆறாம் அதிகாரத்தில், ஆண்டவனின் வார்த்தைக்காகக் கொல்லப்பட்டோரின் ஆத்மாக்கள் பலிபீடத்தின் அடியில் இருப்பதாகக் காட்சி ஒன்று வருகிறது. அவர்கள் இன்னும் எத்தனை காலம் என்று முறையிடுகின்றனர். அவர்களுக்கு வெள்ளை அங்கிகள் அளிக்கப்படுகின்றன. உடன் ஊழியரின் தொகை நிறைவேறும் வரை இன்னும் சிறிது காலம் இளைப்பாறும்படி அவர்களுக்குச் சொல்லப்படுகிறது.

அக்காலத்தில் பாப்பரசரின் பீடம் ரோமாபுரியில் இல்லை. தென் பிரான்ஸின் அவிஞ்ஞோன் நகரில் இருந்தது. 1316 முதல் அப்பீடத்தில் இருந்தவர் 22-ஆம் யோவான். எண்பது பிராயம் கடந்த அவர், 1331 நவம்பர் 1-இல், புனிதர் அனைவரின் திருநாளன்று ஆற்றிய பிரசங்கத்தில் இவ்வாக்யத்திற்குப் பொருள் உரைத்தார். பலிபீடம் என்பது மாநுஷ ரூபம் கொண்ட கிறிஸ்து. அதன் அடியில் இருப்பதாவது அந்த மாநுஷ வடிவத்தின் நிழலில் ஆறியிருத்தல். உயிர்த்தெழுந்து தீர்வை பெற்ற பின்னரே ஆத்மாக்கள் பலிபீடத்தின் மேலே உயர்த்தப்பட்டு, பகவத் ஸ்வரூபத்தை நேரே காண்பர் என்பது அவருடைய வ்யாக்யானம். அவ்வாண்டு டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் அவர் மீண்டும் இப்பொருளைப் பேசினார். காட்சி ஒத்திவைக்கப்பட்டது போலவே துஷ்டர்களின் நரக தண்டனையும் கடைசி நாளுக்கு ஒத்திவைக்கப்பட்டதென்று மூன்றாம் பிரசங்கத்தில் கூறினார். பீடத்தின் அதிகாரத்தால் நிர்ணயம் செய்யவில்லை, ஒரு பண்டிதராகவே தம் கருத்தைச் சொல்வதாகவும் தெரிவித்துக்கொண்டார்.

இது அவர் புதிதாகக் கட்டிய பொருளன்று. இருநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிளேர்வோ மடத்துப் பெர்னார்து இதே திருநாளுக்குரிய பிரசங்கங்களில் ஆத்மாக்களுக்கு மூன்று நிலைகள் வகுத்திருந்தார். அழியும் சரீரத்தில் இருப்பது கூடாரம். சரீரம் நீங்கி இருப்பது முற்றம். சரீரம் திரும்பப் பெற்றுப் பூர்ணாநந்தத்தில் இருப்பது வீடு. முற்றத்தில் நிற்கும் மஹான்கள், பின்னே வரும் எளியோர் இல்லாமலும் தங்கள் சரீரம் இல்லாமலும் வீட்டினுள் புகமாட்டார்கள் என்பது பெர்னார்தின் கருத்து. அடியார் திருக்குழாத்தோடு கூடுவதையே பேறாகக் கொண்ட ஆழ்வார்களின் திருவுள்ளத்தில் தோய்ந்தவர்கள் இவ்விடத்தைச் சற்று நின்று பார்க்கவேண்டும். முன்னே போனவர், வரவேண்டியவர் வரும் வரை தாம் மட்டும் உள்ளே புகாமல் நிற்பது என்பதில் ஒரு பெருந்தன்மை உண்டு. உடன் ஊழியரின் தொகை நிறையவேண்டும் என்ற மூல வாக்யத்திற்கும் அது நெருங்கிய பொருளே.

எதிர்ப்பும் உடனே எழுந்தது. தோமா வாலேஸ் என்ற ஆங்கிலேய தொமினிக் சபைத் துறவி 1333 ஜனவரியில் அவிஞ்ஞோனிலேயே இதற்கு எதிராகப் பிரசங்கித்துச் சிறைப்பட்டார். பாப்பரசரோடு வறுமை விரதம் பற்றிய வேறொரு வழக்கில் பகைத்து, பவேரிய அரசன் லூயியின் புகலில் இருந்த பிரான்சிஸ் சபையினர், ஒக்காம் ஊரினரான வில்லியம் உட்பட, இதையே ஆயுதமாகக் கொண்டு அவரைப் பதிதர் என்றனர். 1333 டிசம்பர் 19-இல் பிரெஞ்சு அரசன் 6-ஆம் பிலிப்பு பாரிஸ் ஸர்வகலாசாலை ஆசிரியர்களை வின்சென் அரண்மனையில் கூட்டி அபிப்பிராயம் கேட்டான். அவர்கள் பாப்பரசரின் பக்ஷத்திற்கு மாறாகவே விடை கூறினர்.

இவ்வெதிர்ப்பை அரசியல் பகை என்று மட்டும் தள்ளிவிடலாகாது. அதில் ஜனங்களின் அநுஷ்டானம் அடங்கியிருந்தது. ஊர்தோறும் புனிதர்களின் எச்சங்களை வைத்து அவர்களிடம் பரிந்துரை வேண்டும் வழக்கம் வேரூன்றியிருந்த காலம் அது. அப்புனிதர்களே இன்னும் பகவானைக் காணவில்லையென்றால் அவர்கள் யாரிடம் பரிந்து பேசுவர்? உத்தரிக்கும் ஸ்தலத்தில் சுத்தியடைந்த ஆத்மா அங்கிருந்து விடுபட்டுச் சேரும் இடம் எது? மரணப்படுக்கையில் இருப்பவனுக்குக் குரு சொல்லும் ஆறுதல் என்ன? சிலுவையில் தம் அருகில் தொங்கிய கள்வனுக்கு இயேசு அன்றைய தினமே பரதீசில் இடம் அளித்தார் என்ற வரலாற்றின் கதி யாது? புருஷகாரத்தின் அருமை அறிந்த ஸம்ப்ரதாயத்தாருக்கு இவ்வச்சம் எளிதில் விளங்கும்.

1334 டிசம்பர் 3-இல், மறுநாள் உயிர் நீங்கவிருந்த பாப்பரசர் கர்தினால்களின் முன்னிலையில் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். சுத்தியடைந்த ஆத்மாக்கள் பரலோகத்தில் பகவானை முகாமுகமாகத் தெளிவாகக் காண்கின்றன என்றார். ஆனால் ஒரு விசேஷணத்தையும் சேர்த்தார்: சரீரம் பிரிந்த ஆத்மாவின் நிலை இடங்கொடுக்குமளவில். வ்யாக்யாதாவின் பிடி சாகும் தறுவாயிலும் முழுதும் தளரவில்லை என்பது இச்சிறு தொடரால் தெரியும்.

அடுத்து வந்த 12-ஆம் பெனடிக்டு, சிஸ்டெர்சியன் துறவி. இவ்விஷயத்தில் தாமே விரிவான நூல் எழுதியவர். அவர் 1336 ஜனவரி 29-இல் வெளியிட்ட நிர்ணயச் சாசனத்தில் அந்த விசேஷணம் இல்லை. கழுவப்படவேண்டிய தோஷம் அற்ற ஆத்மாக்கள் மரித்தவுடனேயும், தோஷம் உள்ளவை சுத்திக்குப் பின்னும், சரீரத்தைத் திரும்பப் பெறுவதற்கு முன்பே, பொதுத்தீர்வைக்கு முன்பே, பகவத் ஸ்வரூபத்தை இடையில் ஸ்ருஷ்டிப் பொருள் எதுவும் இன்றி நேரே காண்கின்றன. அக்காட்சியாலும் அநுபவத்தாலும் மெய்யான ஆநந்தமும் நித்ய ஜீவனும் பெற்றவை ஆகின்றன. விச்வாஸமும் நம்பிக்கையும் அங்கே தம் தொழில் முடிந்து ஓய்கின்றன. அக்காட்சி இடையறாது கடைசி நாள் வரையிலும் அதன் பின் என்றென்றும் தொடரும். இதுவே சாசனத்தின் ஸாரம்.

இதற்கான தர்க்கக் கட்டுமானம் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே தோமா அக்குவினாஸின் நூலில் அமைந்திருந்தது. ஜீவனுடைய புத்தி தன் இயற்கையால் பகவத் ஸ்வரூபத்தைக் காணவல்லதன்று. மகிமையின் ஒளி என்று அவர்கள் பெயரிட்ட ஓர் அநுக்ரஹ ஒளியால் அது உயர்த்தப்பட்ட பின்னரே காண்கிறது. இவ்வொளி வேண்டா, ஆத்மா தானே காணும் என்ற கக்ஷியை வியன் ஸங்கம் 1312-இல் நிராகரித்திருந்தது. கண்டாலும் அளந்து முடித்தல் இல்லை என்பதும் அக்குவினாஸின் துணிபு. முழுப்பொருளும் காணப்படும், ஆனால் முழுமையாகக் காணப்படமாட்டாது. வாக்கும் மனமும் மீளுமிடத்தை ஆநந்தவல்லியில் பயின்றவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. பார்ப்பது ஸ்வப்ரயத்நத்தால் அன்று, காட்டக் காண்பதே என்ற அளவில் இரு ஸித்தாந்தங்களும் அருகருகே வருகின்றன. இவ்விடம் வரையில் ஸ்வர்க்கத்தோடு ஒப்பிட்டவர்களின் பிழை முற்றும் வெளிப்படும். ஒப்புநோக்கத் தக்கது பரமபதமே.

இனி முடிச்சு. சரீரம் இல்லாமலே ஆத்மாவின் ஆநந்தம் பூர்ணம் என்று தீர்ப்பாயிற்று. அவ்வாறாயின் கடைசி நாளில் சரீரம் திரும்பக் கிடைப்பதால் விளையும் ப்ரயோஜனம் யாது? பூர்ணமாயின் மேலே சேர்வதற்கு இடமில்லை. சேர்வதுண்டாகில் முன்பு பூர்ணமன்று. சரீரத்தின் உயிர்த்தெழுதலோ அவர்களுடைய விச்வாஸப் பிரமாணத்திலேயே ஓதப்படுவது. அதைக் கைவிட்டால் மதமே இல்லை.

இச்சங்கை ஆசிரியர்களுக்குத் தெரியாததன்று. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அகுஸ்தீனார், ஆதியாகமத்திற்கு எழுதிய வ்யாக்யானத்தின் கடைசிப் பாகத்தில், ஆத்மாவுக்குத் தன் சரீரத்தை ஆளவேண்டும் என்ற ஓர் இயற்கையான விருப்பம் உண்டென்றும், அவ்விருப்பம் நிறைவேறாத வரை அது முழு வேகத்தோடு அந்த உயர்ந்த காட்சியில் செல்லமாட்டாது தடைப்படுகிறதென்றும் எழுதினார். அக்குவினாஸ் இளமையில், உயிர்த்தெழுதலால் ஆநந்தம் ஆழத்திலும் பரப்பிலும் வளரும் என்றார். முதிர்ந்த காலத்து நூலில் ஆழத்தில் வளர்ச்சியை விட்டுப் பரப்பில் மட்டும் வளர்ச்சியைக் கொண்டார். விரும்பப்பட்ட பொருளை நோக்கினால் ஆசை முற்றும் அடங்கிற்று. விரும்புகிறவனை நோக்கினால், தான் அடைந்ததை இன்னும் எல்லா விதத்திலும் அடையவில்லை. இது அவர் காட்டிய ஸமாதானம். நுட்பமானதுதான். ஆயினும் இது சங்கையைத் தீர்ப்பதைவிடச் சங்கையின் இடத்தை மாற்றுகிறது என்றே சொல்லவேண்டும். எல்லா விதத்திலும் அடையாத ஒருவனைப் பூர்ணன் என்பது எங்ஙனே?

கிறிஸ்தவர் ஏன் இம்முடிச்சை அவிழ்க்காமல் தாங்குகிறார்கள் என்பதற்கு விடை, சரீரம் என்பதைப் பற்றிய அவர்களுடைய மூலக்கொள்கையில் உள்ளது. அவர்களுக்குச் சரீரம் கர்மபலன் அன்று. ஆண்டவன் படைத்து நன்றென்று கண்ட வஸ்து. சரீரத்தை இழப்பதே, அதாவது மரணமே, ஆதி பாபத்தின் தண்டனை. எனவே சரீரம் நீங்கிய ஆத்மா விடுபட்டதன்று. பாதி மனிதனாய் நிற்பது. தண்டனை இன்னும் ஓடிக்கொண்டிருக்கையில் பேறு முற்றிற்று என்பதில் 22-ஆம் யோவானுக்கு ஏற்பட்ட கூச்சம் அவருடைய மதத்தின் அடித்தளத்திலிருந்தே எழுந்தது. அவருடைய வ்யாக்யானம் தள்ளப்பட்டது நியாயமாகலாம். அக்கூச்சத்திற்கு விடை கிடைத்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

வேதாந்தத்திலும் முக்தனுக்குச் சரீரம் உண்டா என்ற விசாரம் உண்டு. ப்ரஹ்ம ஸூத்ரத்தின் நான்காம் அத்யாயம் நான்காம் பாதத்தில் மூன்று ஸூத்ரங்கள் இதற்கென்றே உள்ளன. இல்லை என்பது பாதரியின் பக்ஷம். உண்டு என்பது ஜைமிநியின் பக்ஷம். த்வாதசாஹம் என்னும் பன்னிரண்டு நாள் யாகம் ஸத்ரமாகவும் அஹீநமாகவும் இரு விதமாக அமைவது போல, முக்தனுக்கு அவனுடைய ஸங்கல்பத்தை அநுஸரித்து இரண்டும் கூடும் என்று பாதராயணர் முடித்தார். இங்குச் சரீரம் முக்தனுடைய பூர்ணத்வத்திற்கு அங்கமாகக் கேட்கப்படவில்லை. ஸங்கல்பத்தின் விளையாட்டாகவே கேட்கப்படுகிறது. இம்மையில் விட்ட சரீரம் கர்மத்தால் வந்தது. அது திரும்பி வருதல் பேறாகாது, பந்தமாகும். அர்ச்சிராதி மார்க்கத்தில் சென்று விரஜையில் ஸூக்ஷ்ம சரீரத்தையும் கழித்தவன், அமாநவனுடைய கரஸ்பர்சத்தால் அப்ராக்ருதமான திவ்ய விக்ரஹம் பெற்றுத் திருமாமணி மண்டபத்தை அடைகிறான். பிள்ளை லோகாசார்யர் அர்ச்சிராதியிலும், வேதாந்த தேசிகன் பரமபத ஸோபாநத்தின் பிற்படிகளிலும் விவரித்த இவ்வழியில் கடைசி நாள் வரை என்று காத்திருக்கும் முற்றம் இல்லை. ஸம்ப்ரதாயக் கணக்கின்படி தேசிகன் 1268 முதல் 1369 வரை எழுந்தருளியிருந்தார். அவிஞ்ஞோனில் இவ்வாதம் நடந்த ஆண்டுகள் அக்காலத்தினுள்ளே அடங்குகின்றன. ஒருவரை ஒருவர் அறியாமல், ஒரே காலத்தில், ஒரே கேள்வியின் இரு கரைகளில் நின்றார்கள் போலும்.

இனி, கைங்கர்யம் பற்றியது. இங்கேதான் சாசனத்தின்மேல் வைக்கத்தக்க கடுமையான ஆக்ஷேபம் எழுகிறது. அதுவும் அவர்களுடைய வேதத்தைக் கொண்டே. திருவெளிப்பாட்டின் இறுதி அதிகாரத்தில் அந்நகரத்தாரின் நிலை இரண்டு அடுத்தடுத்த வாக்யங்களால் சொல்லப்படுகிறது. ஆண்டவனுடைய ஊழியர் அவனுக்கு ஊழியம் செய்வர் என்பது முன்னே. அவனுடைய முகத்தைக் காண்பர் என்பது பின்னே. காட்சியைச் சொல்லும் வாக்யத்தையும், பவுலும் யோவானும் தம் நிருபங்களில் முகாமுகக் காட்சி பற்றிச் சொன்னவற்றையும் எடுத்துக்கொண்டு, மேலை ஆசிரியர்கள் ஒரு மாபெரும் சாஸ்த்ரத்தைக் கட்டினார்கள். முன்னின்ற ஊழிய வாக்யம் அநாதையாய் விடப்பட்டது. தொமினிக் சபையார் புத்தியின் காட்சியே ஆநந்தம் என்றனர்; பிரான்சிஸ் சபையைச் சேர்ந்த டன்ஸ் ஸ்கோட்டஸ் இச்சையின் ப்ரேமமே ஆநந்தம் என்று மறுத்தார். சாசனம் காட்சி, அநுபவம் என்ற இரண்டையும் ஏற்றது. ஊழியம் இம்மூன்று இடத்திலும் ஆநந்தத்தின் ஸ்வரூபமாக எண்ணப்படவில்லை.

அநுபவத்தால் ப்ரீதியும், ப்ரீதியால் கைங்கர்யமும் என்ற க்ரமத்தைக் கொண்டவர்களுக்கு இந்த விடுபாடு சிறியதாகத் தோன்றாது. கண்டு நிற்பதோடு நின்றுவிடும் முக்தனுக்குக் கரணங்கள் வேண்டா. ஆகையால்தான் சரீரம் உபரியாயிற்று. ஊழியத்தையும் பேற்றின் உள்ளே வைத்திருந்தால், கரணங்களோடு கூடிய சரீரம் எதற்கு என்ற கேள்விக்கு மூலத்திலேயே விடை இருந்திருக்கும். பலிபீடத்தின் அடியில் இருப்போருக்கு வெள்ளை அங்கி அளிக்கப்பட்டதும், உடன் ஊழியர் என்று பிறர் குறிக்கப்பட்டதும் பொருள் பெற்றிருக்கும். இது வெளியிலிருந்து ஏற்றும் பொருள் என்று தள்ளுவதற்கில்லை. ஊழியர் என்ற பதம் அவ்விரு இடங்களிலும் அவர்களுடைய மூலத்தில் இருப்பது. கிழக்கே நிஸ்ஸா நகரத்துக் கிரகோரியார் நான்காம் நூற்றாண்டில், பகவானை நோக்கிய முன்னேற்றத்திற்கு முடிவே இல்லை, அடைதலே மேலும் விரும்புதலாகும் என்றார். அசைவற்ற காட்சியை மட்டும் பேறாகக் கொள்ளாத ஒரு வழி கிறிஸ்தவத்தின் உள்ளேயும் இருந்தது என்பதற்கு இது சாக்ஷி.

ஆனால் ஒரு விஷயத்தில் கண்டனம் செய்வோர் நிதானிக்கவேண்டும். 1321-இல் மறைந்த இத்தாலியக் கவி தாந்தே, தம் பரதீசுக் காண்டத்தின் 14-ஆம் ஸர்க்கத்தில் சாலமோனின் வாயால் உயிர்த்தெழுதலை விளக்குவிக்கிறார். அவ்வுரை முடிந்ததும் சுற்றியிருந்த ஆத்மாக்கள் அத்துணை விரைவாக ஆமோதிக்கின்றன. இறந்துபட்ட தம் சரீரத்தின்மேல் அவற்றுக்குள்ள ஆசை வெளிப்பட்டுவிடுகிறது. அந்த ஆசை தமக்காக மட்டும் அன்று, தாய் தந்தையருக்காகவும் தமக்கு இனியவராய் இருந்தோருக்காகவும் இருக்கலாம் என்கிறார் கவி. அவருடைய ஆத்மாக்கள் முன்பே பகவானைக் காண்பவை. எனவே யோவான் கூறிய காத்திருப்பு அங்கில்லை. கண்டும் சரீரத்தை விரும்புகின்றன. ஏனெனில் தாய் அறிந்தது அம்முகத்தையே. சாஸ்த்ரகாரர் பரப்பில் வளர்ச்சி என்று உலர்ந்த சொல்லால் சொன்னதற்குக் கவி உயிர் கொடுத்துவிட்டார். (இதே காண்டத்தில் பேதுருவின் வாயால் காகோர் ஊராரை அவர் சாடுவது யோவானின் பிறப்பூரைக் கருதியே.)

சாந்தோக்யத்தின் எட்டாம் ப்ரபாடகம் முக்தனைப் பற்றி வேறு விதமாக ஓதுகிறது. அவன் சிரித்தும் விளையாடியும் பந்துக்களோடு கூடியும் ஸஞ்சரிக்கிறான். ஜநங்களின் நடுவே பிறந்த இச்சரீரத்தை நினைப்பதில்லை. அதே ப்ரபாடகத்தில், பித்ருக்களை விரும்பினால் ஸங்கல்பமாத்ரத்தால் பித்ருக்கள் வந்து நிற்பர் என்றும் உள்ளது; ஸூத்ரகாரர் அதையும் எடுத்து நிர்ணயித்தார். ஆகவே பந்துக்கள் இல்லாத மோக்ஷம் இதுவன்று. ஆயினும் அங்கு வந்து நிற்கும் தந்தை எந்த முகத்தோடு நிற்பார், இச்சரீரத்தின் நினைவு இல்லாதவனுக்கு அவர் இன்னாருடைய தந்தை என்பது எங்ஙனம் தோன்றும் என்று கேட்பவனுக்கு ஒரு விடை வேண்டும். ஸர்வமும் பகவத் விபூதியாகவே தோன்றுகையால் ஹேயமாகத் தோன்றிய ஆகாரமே மறக்கப்படுகிறது, பொருள் மறக்கப்படவில்லை என்பது எம்பெருமானாரின் ஸித்தாந்தத்தை ஒட்டிய விடை. நினைவின்மை என்பது துக்கத்தோடு கூடிய நினைவின்மையே. இவ்விடையைத் தெளிவாக எடுத்துச் சொல்லாமல் தாந்தேயின் ஆத்மாக்களைத் தேஹாத்மாபிமாநிகள் என்று சிரிப்பது வாதமாகாது.

முக்தர்களுக்குள் ஏற்றத்தாழ்வு உண்டா என்பதில் மேலைச் சபை உண்டு என்றே கொண்டது. கிழக்குச் சபையோடு ஒன்றுபடும் முயற்சியில் 1439 ஜூலை 6-இல் புளோரன்ஸ் ஸங்கம் வெளியிட்ட சாசனம், ஆத்மாக்கள் பகவானைத் தெளிவாகக் காண்கின்றன, ஆனால் புண்யத்தின் அளவுக்கேற்ப ஒன்று மற்றொன்றைவிட நிறைவாகக் காண்கிறது என்றது. இது மத்வ மதத்தின் தாரதம்யத்திற்கு அருகில் நிற்கும். போகத்தில் பரமஸாம்யம் கூறும் ஸ்ரீவைஷ்ணவ தர்சநத்திற்குத் தொலைவில் நிற்கும். எபேசு நகரத்து மார்க்கு அச்சாசனத்தில் கையொப்பமிடவில்லை. கிழக்குச் சபையார் பாலமாஸின் வழி நின்று, பகவத் ஸ்வரூபம் எக்காலத்தும் காணப்படமாட்டாது, அதனின்று வெளிப்படும் சக்திகளே காணப்படும் என்பவர்கள். மேலைச் சபையின் காட்சி விசாரம் அவர்களுக்கு முதற்படியிலேயே ஏற்காது.

1336-ஆம் ஆண்டுச் சாசனத்தின் கடைசி வாக்யங்கள், பொல்லாத ஆத்மாக்கள் மரித்தவுடனே நரகம் புகும் என்று கூறிய பின், எவ்வாறாயினும் தீர்வை நாளில் மனிதர் அனைவரும் தத்தம் சரீரத்தோடு கிறிஸ்துவின் ந்யாயாஸநத்தின் முன் தோன்றித் தாம் செய்தவற்றிற்குக் கணக்குக் கொடுப்பர் என்று முடிகின்றன. முன்பே பூர்ணாநந்தம் பெற்ற ஆத்மாவுக்கு அந்நாளில் திரும்பி வரும் சரீரம் எதைச் சேர்க்கும் என்பதைப் பற்றி அவ்வாக்யங்களில் ஒரு சொல்லும் இல்லை.